ஒரு அந்தர் யூரியா எங்கே போனது?

ஒரு அந்தர் யூரியா என்றால் 50 கிலோ. அதில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன், அதாவது 23 கிலோ. ஒரு ஏக்கர் வயலுக்கு ஒரு போகத்தில் இரண்டு அந்தர் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 46 கிலோ நைதரசன் வயலுக்குள் போய்விட்டது. அறுவடையில் 1,600 கிலோ நெல் கிடைக்கிறது. நெல்மணியில் நைதரசன் நூற்றுக்கு ஒன்று, ஒன்றேகால் அளவில்தான் இருக்கும். ஆக, மூடை கட்டி ஆலைக்கு ஏற்றிய நைதரசன் 20 கிலோவைத் தாண்டாது. அந்த 20 கிலோவிலும் ஒரு பங்கு மண் தன் கையிருப்பிலிருந்து கொடுத்தது. வைக்கோலில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் வைக்கோல் வயலிலேயே கிடந்து உக்கினால் அது வெளியே போனதாகக் கணக்கில் சேராது.

மீதி எங்கே? நைதரசன் ஒரு மூலகம். அது அழியாது, உருவத்தை மட்டும் மாற்றும். காற்றுக்குப் போயிருக்கலாம், மண்ணில் தங்கியிருக்கலாம், கிணற்றுக்கு இறங்கியிருக்கலாம், கழிவு வாய்க்கால் வழியே ஆற்றுக்குப் போயிருக்கலாம். எந்தப் பங்கு எந்த வழியில் போனது என்று ஒரு வயலுக்கு மட்டுமல்ல, ஓர் ஆற்றுக்கு நீர் வடிந்து சேரும் நிலம் முழுவதற்கும், அதாவது அதன் வடிநிலத்துக்கும் சேர்த்துக் கணக்குப் பார்க்க உதவுவதுதான் போசணை மாசு மாதிரியுரு. பெயர் பெரிதாக இருந்தாலும் உள்ளே இருப்பது வரவு செலவுக் கணக்குதான். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு. இதைக் கணினி நாளுக்கு நாள், இடத்துக்கு இடம் போட்டுக்கொண்டே போகும்.

போசணை எப்படி மாசாகும் என்ற கேள்வி நியாயமானது. பயிரை வளர்க்கும் அதே நைதரசனும் பொசுபரசும் நீரில் சேர்ந்தால் பாசியை வளர்க்கும். பாசி பெருகும், சாகும், அடியில் போய் அழுகும். அழுகும்போது நுண்ணங்கிகள் நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனை இழுத்துக்கொள்ளும். உயிரோடிருக்கும் பாசியும் இரவு முழுக்கச் சுவாசிக்கும், ஆனால் ஒட்சிசன் தராது. அதனால்தான் மீன் சாவது பெரும்பாலும் விடியற்காலையில். இதைப் பள்ளிக்கூடப் புத்தகம் நற்போசணையாக்கம் என்கிறது. சில நீலப்பச்சைப் பாசிகள் ஈரலைத் தாக்கும் நஞ்சையும் சுரக்கும். மாடு குடிக்கும் குளத்திலும், குடிநீர் எடுக்கும் குளத்திலும் இது சின்ன விஷயமல்ல.

பொசுபரசின் அளவைப் பார்த்தால் இது எவ்வளவு இலேசாக நடக்கும் என்று புரியும். ஒரு அந்தர் டி.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளையில் ஏறக்குறைய 10 கிலோ பொசுபரசு இருக்கும். லீற்றருக்கு 0.03 மில்லிகிராம் இருந்தாலே ஒரு குளம் பாசிக்கு வசதியாகிவிடும். அந்த 10 கிலோவும் அப்படியே கரைந்து போனால், மூன்று லட்சத்து முப்பதாயிரம் கனமீற்றர் நீரை, அதாவது 270 ஏக்கரடியை, அந்த அளவுக்குக் கொண்டுவரப் போதும். வன்னியில் அதைவிடக் குறைவாகக் கொள்ளும் சின்னக் குளங்கள் எத்தனையோ இருக்கின்றன. நல்லவேளையாக அப்படியே கரைவதில்லை. ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

குளத்துக்குக் கீழேதானே வயல்?

இந்தக் கதையை ஊரில் சொன்னால் கமக்காரர் உடனே கேட்பார்: "குளம் மேலே, வயல் கீழே. வயல் பசளை எப்பிடி ஐயா ஏறிக் குளத்துக்குப் போகும்?"

சரியான கேள்வி. அந்த வயலின் பசளை அந்தக் குளத்துக்குப் போகாது, அடுத்த குளத்துக்குப் போகும். வன்னியின் பழைய குளங்கள் பெரும்பாலும் ஒரே சிற்றாற்றின் பள்ளத்தில் வரிசையாக அமைந்தவை. மேல்குளத்தின் துருசு திறந்தால் வயலுக்கு நீர். வயலில் மிஞ்சியது கழிவு வாய்க்காலில் இறங்கி அடுத்த குளத்தில் சேரும். அங்கிருந்து அடுத்த வயல். அதே நீர் இரண்டு மூன்று ஊருக்கு உதவும். இதை ஒரு பெரிய நீர்ச் சிக்கனமாக எல்லோரும் பாராட்டுகிறோம். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் நீரோடு போசணையும் அதே வழியில் இறங்குகிறது.

இதில் நல்லதும் உண்டு. ஒவ்வொரு குளமும் ஒரு தடுப்பு. ஓடி வந்த கலங்கல் நீர் குளத்தில் நிதானப்படும். மண் அடியில் படியும், மண்ணோடு ஒட்டிய பொசுபரசும் படியும். அலைகரைப் புல்லும் தாமரையும் கொஞ்சத்தை உறிஞ்சும். சேற்றில் ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் நுண்ணங்கிகள், நீரில் கரையும் நைதரசன் வடிவமான நைத்திரேற்றை உடைத்து நைதரசன் வாயுவாகக் காற்றுக்கே திருப்பிவிடும். ஆகவே மேல்குளங்கள் கீழ்க்குளங்களைக் காக்கின்றன. ஆனால் சேற்றில் படிந்த பொசுபரசு அங்கேயே நிலையாக இருந்துவிடாது. அடிநீரில் ஒட்சிசன் தீர்ந்தால் அது மறுபடி கரைந்து மேலே வரும். பல வருடத்துக்கு முன் போட்ட பசளைக்கு இந்த வருடம் பாசி பிடிக்கும்.

பெரிய அளவில் இதைப் பார்க்க அருவி ஆற்றை எடுப்போம். மன்னாரில் நாம் அருவி ஆறு என்பதுதான் மேலே மல்வத்து ஓயா. 164 கிலோமீற்றர் நீளம், மகாவலிக்கு அடுத்து நாட்டிலேயே நீண்ட ஆறு. ரிட்டிகல மலைப் பக்கத்தில் தொடங்கி, அநுராதபுர நகரத்தைத் தொட்டு, வடமேற்கே திரும்பி, தேக்கம் அணைக்கட்டில் ஒரு பங்கைக் கட்டுக்கரைக் குளத்துக்குக் கொடுத்துவிட்டு, அரிப்பில் கடலில் சேர்கிறது. முருங்கன் பக்கத்து வயலுக்கு வரும் நீர், அநுராதபுரத்தின் வயல், கடைத்தெரு, மலசலகூடக் குழி எல்லாவற்றின் பக்கமாகவும் வந்த நீர்.

அதோடு முடியவில்லை. 1976 முதல் போல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீர் கலாவெவவுக்கு வருகிறது. கலாவெவவிலிருந்து பழைய ஜய கங்கைக் கால்வாய் அநுராதபுரத்தின் திஸா வெவவுக்கு ஓடுகிறது. மலைநாட்டுத் தேயிலைக்கும் மரக்கறிக்கும் போட்ட பசளையில் ஒரு துளியாவது இந்த வழியில் அருவி ஆற்றின் வடிநிலத்துக்குள் வர இடமுண்டு. வரைபடத்தில் மேடுகளின் உச்சி வழியே கோடு போட்டு வடிநில எல்லை வரைந்தால் இந்தக் கால்வாய் அதில் தெரியாது. மாதிரியுரு செய்ய உட்காருபவர் முதலில் கேட்க வேண்டியது, "இந்த எல்லையை எங்கெல்லாம் மனிதர் வெட்டித் திறந்திருக்கிறார்கள்?" என்பதுதான்.

கால்வாயாவது கண்ணுக்குத் தெரியும். காற்று வழியே வருவது தெரியவே தெரியாது.

காற்று

நீர் நிற்கும் வயலில் யூரியா வீசுகிறோம். மண்ணிலும் நீரிலும் உள்ள ஒரு நொதியம் சில நாட்களுக்குள் அதை அமோனியமாக உடைக்கும். வயல் நீரில் பாசி இருக்கும். வெயில் ஏற ஏற அது நீரிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சும், நீரின் காரத்தன்மை கூடும். காரம் கூடினால் அமோனியம் அமோனியா வாயுவாக மாறும். மத்தியானத்தில் வெயிலும் காற்றும் சேர்ந்தால் அந்த வாயு வயலைவிட்டுக் கிளம்பிவிடும். நெல்வயலில் யூரியா வீணாகும் வழிகளில் இது முக்கியமானது. இளம்பயிரின் நிழல் நீரை மூடாத காலத்தில், நின்ற நீரில் வீசுவதுதான் மோசம். ஈரமண்ணில் போட்டு, பிறகு நீர் கட்டி உள்ளே இறக்கினால் இழப்பு நன்றாகக் குறையும்.

போன அமோனியா எங்கே விழும்? ஒரு பங்கு பக்கத்துக் காட்டிலோ குளத்திலோ அன்றைக்கே படிந்துவிடும். இன்னொரு பங்கு காற்றிலுள்ள அமிலங்களோடு சேர்ந்து நுண்துகளாகி, நாட்கணக்கில் மிதந்து, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் போய், மழையோடு இறங்கும். சிறுபோகக் காலத்தில் சோளகம் வன்னியை வாரிக்கொண்டு வடகிழக்கே போகும். மன்னார், வவுனியா வயல்களில் கிளம்பியது முல்லைத்தீவுப் பக்கம் விழலாம், கடலிலும் விழலாம். மாரியில் வாடை திரும்பும். அப்போது வங்காள விரிகுடாவுக்கு மேலே கிடந்தது நம் பக்கம் வரும்.

வயல் மட்டுமல்ல. வாகனப் புகையும் மின்நிலையப் புகையும் நைதரசன் ஒட்சைட்டுக்களைக் காற்றில் சேர்க்கின்றன. புத்தளக் கரையில் நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் இருக்கிறது. சோளகம் அதைத் தாண்டி வீசும் திசையில் வன்னி இருக்கிறது. எவ்வளவு இங்கே இறங்கும் என்பதைக் காற்று வீசும் திசையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் காற்றுக்கென்று ஒரு மாதிரியுரு வேண்டும். இடிமின்னலும் தன் பங்குக்குக் கொஞ்சம் நைதரசனைப் பிணைத்து மழையில் அனுப்பும். இடிமழைக்குப் பிறகு பயிர் கருக்கிட்டு நிற்கிறது என்று சொல்வதில் கொஞ்சம் இரசாயனமும் உண்டு.

காற்று வழி வருவது சொற்பம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மழைநீரில் லீற்றருக்கு அரை மில்லிகிராம் நைதரசன் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,200 மில்லிமீற்றர் மழை. ஒரு ஏக்கருக்கு வருவது 2.4 கிலோ. யூரியா மூடைக்குப் பக்கத்தில் அது ஒன்றுமில்லை. ஆனால் மழை வயலை மட்டும் தேடிப் பெய்வதில்லை. அருவி ஆற்றின் வடிநிலம் 3,200 சதுர கிலோமீற்றருக்கு மேல். அத்தனைக்கும் பெருக்கினால் ஏறக்குறைய 1,900 தொன் நைதரசன், யூரியாவாகச் சொன்னால் 80,000 அந்தருக்கு மேல். அந்த அரை மில்லிகிராம் நான் விளக்கத்துக்காக எடுத்த எண்தான். அது பாதியானால் விடையும் பாதியாகும், இரட்டித்தால் இரட்டிக்கும். ஆனால் காட்டுக்கும் குளத்துக்கும் கடல்நீரேரிக்கும் யாரும் பசளை போடுவதில்லை. அந்த இடங்களுக்கு மழைதான் பசளைக்காரன்.

அமெரிக்காவின் செசப்பீக் விரிகுடாவில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதற்கு நீர் வடிந்து சேரும் நிலம் ஏறக்குறைய 1,66,000 சதுர கிலோமீற்றர். அதற்கு நைதரசன் கொண்டுவந்து கொட்டும் காற்றின் பரப்பு அதைப்போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு. அங்கே சேரும் நைதரசனில் மூன்றில் ஒரு பங்களவு காற்று வழியே வருகிறது என்பதுதான் நீண்டகால மதிப்பீடு. ஆற்றங்கரையில் மட்டும் நின்று பசளையைக் குறையுங்கள் என்று சொன்னால் மூன்றில் ஒரு பங்கு கணக்குக்கு வெளியே நிற்கும்.

நிலமும் நீரும்

மண்ணுக்குள் நைதரசனும் பொசுபரசும் நடந்துகொள்வது வேறு வேறு விதம். நைத்திரேற்று மண்ணோடு ஒட்டாது. நீர் போகும் இடமெல்லாம் போகும், கிணற்றுக்கும் இறங்கும். சுண்ணக்கல்லின் மேலே மெல்லிய மண் உள்ள இடத்தில் வேகமாக இறங்கும். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளின் கதை இதுதான். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பால்குடிக் குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமக்க முடியாமல் போகும் ஆபத்தை வைத்து நிர்ணயித்தது அது.

பொசுபரசு அப்படியல்ல. நம் செம்மண்ணிலுள்ள இரும்போடு இறுகப் பிடித்துக்கொள்ளும். மேலே, அந்த 10 கிலோ அப்படியே கரையாது என்றது இதனால்தான். மண் போனால்தான் பொசுபரசு போகும். மண் எப்போது போகும்? புழுதி விதைப்புக்காக உழுது பொடியாக்கிய நிலத்தில் ஐப்பசி மழை முதல்முறை கொட்டும்போது. அடிக்கட்டுப் பசளையும் அப்போதுதான் மேலே இருக்கும். கோடை முழுக்க வற்றிய குளத்தின் அலைகரையில் மேய்ந்த மாட்டுப்பட்டிகளின் சாணமும் அப்போதுதான் நீரில் மூழ்கும். கட்டுக்கரைக் குளம் சரணாலயமும்கூட, ஆகவே பறவைகளின் எச்சத்தையும் யாராவது கணக்கில் சேர்க்க வேண்டும். சிரிப்பாக இருக்கலாம், பெரிய பறவைக் கூட்டம் தங்கும் குளத்தில் அது சிரிப்பல்ல.

எனவே எப்போது அளக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெள்ள நாளில் ஆற்றில் விநாடிக்கு 50 கனமீற்றர் ஓடுகிறது, நீரில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் நைதரசன் என்போம். அன்றைக்கு ஒரே நாளில் போவது 8,640 கிலோ. கோடையில் விநாடிக்கு 0.2 கனமீற்றர்தான் ஓடுகிறது, ஆனால் லீற்றருக்கு 5 மில்லிகிராம். பரிசோதனைத் தாளில் கோடை நீர்தான் மோசமாகத் தெரியும். ஆனால் நாளுக்குப் போவது 86 கிலோ, வெள்ள நாளில் போவதில் நூற்றில் ஒரு பங்கு. மாசின் செறிவு வேறு, சுமை வேறு. பாசி பிடித்த கோடைக் குளத்தில் ஒரு போத்தல் நீர் அள்ளி ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டு வடிநிலத்தைப் புரிந்துகொண்டோம் என்று நினைத்தால், வருடச் சுமையின் பெரும்பங்கு போன அந்தச் சில மழை நாட்களைத் தவறவிட்டோம் என்று அர்த்தம். வெள்ளத்தில் நின்று நீர் அள்ளுவது சுலபமில்லை, ஆபத்தும்கூட. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியில் யாரும் போத்தல் தேடிக்கொண்டிருக்கவில்லை.

கடைசித் தரிப்பு கடல்நீரேரிகள். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்தில் கிளம்பி, இரணைமடுவை நிரப்பி, சுண்டிக்குளக் கடல்நீரேரிக்குப் போகிறது. முல்லைத்தீவில் நந்திக்கடல். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் உள்ளே வந்த போசணை வெளியேறாது. நன்னீரில் பாசிக்குத் தட்டுப்பாடாக இருப்பது பெரும்பாலும் பொசுபரசு, உவர்நீரில் பெரும்பாலும் நைதரசன். குளத்தைக் காக்கப் பொசுபரசை மட்டும் குறைத்தால் கடல்நீரேரிக்குப் போதாது. ஆகவே இரண்டையும் ஒன்றாகக் கணக்கில் வைக்க வேண்டியிருக்கிறது.

மூன்றையும் எப்படி இணைப்பது?

காற்று, நிலம், நீர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாதிரியுருக்கள் ஏற்கெனவே உண்டு. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவர் நிலையம் காற்றுக்கு உருவாக்கியது சீமாக். பயிரும் மண்ணும் எப்படி நடக்கும் என்று கணிப்பது எபிக். மழை எவ்வளவு மண்ணில் ஊறும், எவ்வளவு ஓடும் என்று கணிக்கும் ஒன்று விக், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. இந்த மூன்றையும் மிசிசிப்பி ஆற்றுக்காக அந்த முகவர் நிலையத்தினர் இணைத்துப் பார்த்தார்கள். காரணம் உண்டு. அந்த ஆறு கொண்டுபோய்க் கொட்டும் போசணையால் மெக்சிக்கோ வளைகுடாவில் வருடந்தோறும் கோடையில் ஒட்சிசன் மிகக் குறைந்த ஒரு வலயம் விரிகிறது. 2017இல் அது ஏறக்குறைய 22,700 சதுர கிலோமீற்றர், நம் வட மாகாணத்தைப்போல இரண்டரை மடங்கு.

இணைப்பது எப்படி என்பதைப் பொறுமையாகப் பார்த்தால் விளங்கும். முதலில் ஒரே வானிலைத் தரவை மூன்றுக்கும் கொடுப்பார்கள். இதுதான் உயிர்நாடி. காற்று மாதிரியுருவில் மழை பெய்த நாளில் மண் மாதிரியுருவில் வெயில் அடித்தால் கணக்கு குழம்பிவிடும். பிறகு எபிக், அந்த வானிலையில் கமக்காரர் எந்த நாளில் உழுவார், எந்த நாளில் எவ்வளவு பசளை போடுவார், பயிர் எவ்வளவு உறிஞ்சும் என்று கணிக்கும். மண்ணில் மிஞ்சிய அமோனியம் எவ்வளவு என்று சீமாக்குக்குச் சொல்லும். சீமாக் அதிலிருந்து எவ்வளவு அமோனியா கிளம்பும், எங்கே போய் விழும் என்று பார்க்கும். இது ஒருவழிப் பாதையல்ல. காற்றில் அமோனியா நிறைய இருந்தால் இலையும் மண்ணும் அதை உறிஞ்சும், குறைவாக இருந்தால் வெளிவிடும். விழுந்த நைதரசன் திரும்ப மண் கணக்கில் வரவாகும். விக் ஓடும் நீரைக் கொடுக்கும், நீரோடு போசணை ஆற்றுக்குப் போகும்.

இப்படி இணைத்தால் மட்டுமே கேட்கக்கூடிய கேள்விகள் உண்டு. ஆற்றைக் காக்கவென்று பசளையை மண்ணுக்குள் புதைத்தால் அமோனியா குறையும், ஆனால் நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு இறங்குவது கூடுமா? வயலை நனைத்தும் காயவிட்டும் நீரைச் சேமித்தால், மாறி மாறி வரும் அந்த ஈரமும் காய்ச்சலும் நைத்திரசு ஒட்சைட்டைக் கூட்டுமா? அந்த வாயு ஒரு கிலோ, பூமியைச் சூடாக்குவதில் ஏறக்குறைய 270 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எங்கே பிதுங்குகிறது என்று பார்க்க மூன்று கணக்கும் ஒரே கொப்பியில் இருக்க வேண்டும். தனித்தனியாக நீர்த் திணைக்களம் ஒன்று, விவசாயத் திணைக்களம் ஒன்று, சுற்றாடல் அதிகாரசபை ஒன்று என்று கணக்கு வைத்தால் எல்லோர் கணக்கும் சரியாக இருக்கும், குளத்தில் பாசி மட்டும் குறையாது. இதை நான் குத்தலாகவே சொல்கிறேன்.

தொடங்குபவருக்கு அந்தப் பெரிய கூட்டணி தேவையில்லை. ஸ்வாட் என்ற இலவச மாதிரியுரு அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் பிறந்தது. உலகம் முழுக்கப் பயன்படுகிறது. வடிநிலத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் மண், சரிவு, பயிர் என்ன என்று கேட்டு, நாள்தோறும் நீரையும் போசணையையும் கணிக்கும். மழையில் வரும் நைதரசனை நீங்கள் ஓர் எண்ணாகக் கொடுத்துவிடலாம். அங்கே காற்று எளிமையாக நுழைந்துவிடுகிறது.

விடை சரியா என்று எப்படித் தெரியும்? ஆற்றில் அளந்த எண்களையும் மாதிரியுரு சொன்ன எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். 1970இல் நாஷ், சட்கிளிஃப் இருவரும் கொடுத்த ஓர் அளவுகோல் இன்றும் பிரபலம். 1 வந்தால் அச்சொட்டாகப் பொருந்துகிறது. 0 வந்தால், இத்தனை பாடுபட்ட மாதிரியுருவும் வெறும் சராசரியை எழுதி வைத்ததும் ஒன்றுதான். 0க்குக் கீழேயும் போகும். அப்போது சராசரியை எழுதியிருந்தாலே மேல். வண்ண வண்ண வரைபடத்தைக் காட்டி யாராவது அறிக்கை வைத்தால் முதலில் இந்த எண்ணைக் கேளுங்கள். அளந்த தரவே இல்லை என்று பதில் வந்தால் அந்த வரைபடத்தை அழகுக்காக வைத்துக்கொள்ளலாம்.

வன்னியில் எங்கே இடறும்?

இந்த மாதிரியுருக்கள் சோளமும் கோதுமையும் விளையும் சரிந்த நிலத்தை மனதில் வைத்துப் பிறந்தவை. வரம்பு கட்டி நீர் நிறுத்தும் வயல் அவற்றுக்குப் புதிது. சாதாரணமாக ஸ்வாட்டில் மழை பெய்தால் ஒரு பங்கு அன்றே ஓடும். நம் வயலில் வரம்பு உயரம்வரை ஓடாது, அதற்குப் பிறகு ஒரேயடியாக ஓடும். நெல்வயலுக்கென்று மாற்றிய வடிவங்கள் வந்திருக்கின்றன, அவற்றைத்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று குளங்கள். பெரிய குளத்தை எல்லோரும் சேர்ப்பார்கள். சின்னக் குளங்களை விட்டுவிடுவார்கள், வேலை மிச்சம் என்று. என் கணிப்பில் வன்னி மாதிரியுருக்கள் பிழைக்க வாய்ப்புள்ள முதல் இடம் இதுதான். மேலே சொன்ன படிதல், உறிஞ்சல், வாயுவாதல் எல்லாம் அந்தச் சின்னக் குளங்களில்தான் நடக்கின்றன. அவற்றை விட்டால் ஆற்றுக்குப் போகும் சுமையை மிகையாகச் சொல்வோம், அதைச் சரிக்கட்ட வேறு ஏதாவது எண்ணை வளைப்போம். ஆற்று முனையில் விடை பொருந்தும், காரணம் பிழையாக இருக்கும். அப்படிப்பட்ட மாதிரியுருவை வைத்து, ஒரு குளத்தைத் தூர்வாரினால் என்ன ஆகும் என்று கேட்டால் பொய்யான பதில் வரும்.

2021 மே மாதம் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது, அந்த வருட நவம்பரில் தடையை விலக்கியது. கமக்காரருக்கு அது எத்தனை பெரிய அடி என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கணக்குப் பார்ப்பவரின் கண்ணால் பார்த்தால், ஒரு முழு நாட்டின் வரவுப் பத்தி திடீரென்று சுருங்கிய போகம் அது. நல்ல மாதிரியுரு அந்த வருடத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். நைத்திரேற்று வேகமாக ஓடுவதால் வாய்க்கால் நீரில் அது விரைவில் குறையும். பொசுபரசு மண்ணிலும் சேற்றிலும் பழைய கையிருப்பாகக் கிடப்பதால் ஒரு போகத்தில் அசையாது. இந்த வேறுபாட்டைக் காட்டாத மாதிரியுருவை நான் நம்பமாட்டேன். அந்தத் தடைக்கு ஏறக்குறைய ஒன்றரை வருடம் முன்புதான், 2019 அக்டோபரில், 2030க்குள் நைதரசன் வீணாவதைப் பாதியாக்குவோம் என்று கொழும்பில் கூடிய நாடுகளின் கொழும்புப் பிரகடனம் கூறியது. வீணாவதைப் பாதியாக்குவதும் பசளையையே நிறுத்துவதும் ஒன்றல்ல. எந்த வழியில் எவ்வளவு வீணாகிறது என்ற கணக்கு இருந்தால்தான் அந்த வித்தியாசம் பிடிபடும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன, வவுனியாவிலும் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. யாராவது மாணவர் இறங்க நினைத்தால் அருவி ஆறு முழுவதையும் எடுக்க வேண்டாம். மூன்று நான்கு குளங்கள் உள்ள ஒரு சிற்றாறு போதும். குள நீர்மட்டம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எழுதப்படுகிறது. மழையை ஒரு மழைமானி வைத்து நீங்களே அளக்கலாம், அதே நீரை நைதரசனுக்கும் சோதிக்கலாம். எந்தத் தேதியில் எத்தனை அந்தர் போட்டார்கள் என்பதைக் கமக்கார அமைப்பின் கூட்டத்தில் கேட்டால் சொல்வார்கள், கடையில் கடன் வாங்கிய தேதி பலருக்கு மறப்பதில்லை. ஒவ்வொரு குளத்திலும் மிகை நீர் வழியும் வானிலும் கழிவு வாய்க்கால் முனையிலும், விதைப்புக்குப் பிந்திய முதல் பெருமழையிலிருந்து சில மணிக்கு ஒரு போத்தல் நீர் எடுக்க வேண்டும். வருடம் முழுக்க மாதம் ஒரு போத்தல் எடுப்பதைவிட அது பயன் தரும்.

நில உயரத் தரவு செய்மதி வழி இலவசமாகக் கிடைக்கிறது, 30 மீற்றருக்கு ஒரு புள்ளி. வன்னியின் தட்டை நிலத்தில் ஒரு வரம்பும் ஒரு சின்னக் குளக்கட்டும் அந்தப் புள்ளிகளுக்கு நடுவே மறைந்துபோகும். நீர் கிழக்கே ஓடுகிறது என்று கணினி வரையும், ஊரில் அது மேற்கே ஓடும். வரைந்த வடிகாலை அச்செடுத்துக்கொண்டு, நீர் திறக்கும் பொறுப்பிலுள்ளவரோடு ஒருநாள் வாய்க்கால் வழியே நடந்து அம்புக்குறிகளைத் திருத்திய பிறகுதான் ஸ்வாட்டைத் திறக்க வேண்டும்.